கும்மிடிப்பூண்டியில் ஒரு பெட்டி நான்கு நிமிடம் பேசாமல் இருந்தது

போன மாதம் ஒரு புதன்கிழமை போய்வந்த பயணம் இது. அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பையன் இருக்கிற வீட்டில் எதுவும் அன்றே நடப்பதில்லை. திருவள்ளூர்ப் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவி. வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது, அதில் ஒன்றைத் திருடிப் போய் மற்றவற்றை யாரும் ஏமாற்றாமல் தடுப்பது எப்படி என்பதுதான் என் ஆய்வு. அதற்காகப் பேட்டையில் அடுத்தடுத்த மூன்று தொழிற்சாலைகளில், டிபன் பாக்ஸ் அளவில் மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறேன். அவை உலைகளின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை கிளவுடில் இருக்கும் என் சர்வருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும். மூன்று நிமிடம் சொல்லவில்லை என்றால் பெட்டி திருடுபோய்விட்டதாக முடிவுகட்டி, சர்வர் அதன் ரகசியச் சாவியை, அதாவது உள்ளே நுழையும் கடவுச்சொல்லை, ரத்து செய்துவிடும். பிறகு நான் நேரில் போய்த்தான் புதுச் சாவி கொடுக்க முடியும். இந்த விதியை எழுதிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வார்ப்படத் தொழிற்சாலையில் இருந்த பெட்டி மாதத்தில் மூன்றாவது முறையாக இப்படி வெளியே தள்ளப்பட்டதும், மேலாளர் போனில் பேசினார். இனி ஒருமுறை நடந்தால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டுமாம். மூன்றில் ஒன்று போனால், மீதி இரண்டும் வேறு வேறாகச் சொல்லும்போது எதை நம்புவது என்று முடிவுகட்டப் பெரும்பான்மையே இருக்காது. என் ஆய்வும் அதோடு சரி.

செவ்வாப்பேட்டையில் காலை 6.40 ரயில். பேசின் பிரிட்ஜில் 7.40க்கு இறங்கி, 7.55க்குக் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் இருபது ரூபாய். பெரியபாளையம் வழியாகச் சாலையில் தூரம் குறைவுதான். ஆனால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

பையனை முழுநாள் விட்டுப் போவது அதுதான் முதல்முறை. கணவர் லீவு போட்டிருந்தார். அரை மணிக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். பதினொரு மணி வரை ஒழுங்காக வந்தது. "இட்லி ஒன்றரை." "அழவில்லை." "என் கண்ணாடியை உடைத்துவிட்டான்."

9.15க்கு இறங்கி ஷேர் ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். தொழிற்சாலை வாசலிலேயே எலக்ட்ரீஷியன் ஏழுமலை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், பொட்டி மறுபடியும் கோச்சிக்கிச்சா?"

"பகல்ல ரெண்டு மணி வாக்குலதான் போகுது அண்ணா. ஏன்னே தெரியல."

"ரெண்டு மணியா? லைனிங், அதான் உள்பூச்சு, மாத்தின ஃபர்னஸ அப்போதான் சூடு ஏத்துவோம். கரண்ட் லோடு எகிறிடும். அதான் ஆபீஸ் லைனு, நெட்டு எல்லாத்தையும் ஒரு நாலு நிமிஷம் ஆஃப் பண்ணி வெப்பேன்."

பெட்டிக்குச் சொந்த பேட்டரி உண்டு. அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. வாயைத்தான் பொத்தியிருக்கிறார்கள்.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா அண்ணா?"

"எங்க, நீங்க என்னிய கேட்டீங்க? வந்த அன்னிக்கெல்லாம் பொட்டிகிட்டயே பேசிகினு இருந்தீங்க."

அன்றும் லைனிங் மாற்றிய உலையை இரண்டு மணிக்கு ஏற்றப் போகிறார்கள். மூன்று நிமிடத்தை ஐந்தாக்கினால் பெட்டி தப்பிக்கும். திருடனுக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும். புதுச் சாவியைக் கொடுத்துவிட்டு, வழி தெரியாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து சேதி வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆறு முறை செய்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் நான் கற்பனை செய்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் மாடி வீட்டு செல்வி அக்காவைக் கூப்பிட்டு, ஒரு எட்டு இறங்கிப்போய் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"ரெண்டும் வாயப் பொளந்துகினு தூங்குதுங்க. உங்க ஊட்டுக்காரரு போனு அங்க ஓரமா சார்ஜ்ல கீது. எழுப்பட்டா?"

"வேணாங்க்கா, தூங்கட்டும்."

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. மூன்று பெட்டிகளும் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்பவை. ஒன்றின் இன்டர்நெட் போனாலும் பக்கத்து இரண்டுக்கும் அதன் குரல் கேட்கும். திருடன் தூக்கிக்கொண்டு போனால் கேட்காது. சர்வர் சாவியை ரத்து செய்வதற்கு முன் அவற்றை ஒரு வார்த்தை கேட்டால் போதும். இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை, பாடமாகவே படித்திருக்கிறேன். கேட்கத்தான் தோன்றவில்லை.

கேன்டீனில் தயிர்சாதத்தை (முப்பது ரூபாய்) ஓரமாக வைத்துக்கொண்டு சர்வருக்கு இருபது வரி நிரல் எழுதினேன். இரண்டு மணிக்கு மேலாளரும் வந்து நின்றார். என் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் திறந்திருந்தது. ஏழுமலை அண்ணன் சுவிட்சை இறக்கினார். ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடம் முடிந்ததும் திரையில் மஞ்சள் எழுத்து: பதில் இல்லை, பக்கத்தில் விசாரிக்கிறது. உடனே இரண்டு பெட்டிகளும், "இங்கே கேட்கிறது" என்றன. சாவி அப்படியே இருந்தது. நான்காவது நிமிடம் முடிந்து லைன் வந்தது.

"செத்துச்சா, இருக்குதா?" என்றார் மேலாளர்.

"இருக்கு சார்."

"அப்ப இருக்கட்டும்." அவ்வளவுதான், போய்விட்டார்.

இதை எழுதும் இன்றுவரை அந்த உலை இன்னும் இரண்டு முறை ஏறிவிட்டது. பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.

திரும்ப 3.10 வண்டி, வீட்டுக்கு ஆறு மணி. போகிறவர்களுக்குச் சில: மூடிய செருப்பு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். பேசின் பிரிட்ஜில் படியேறி நடைமேடை மாற ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். எந்தத் தொழிற்சாலையிலும் முதலில் எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

குழந்தையை விட்டுப் போவதாக இருந்தால், பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது மீஞ்சூரிலும் எனக்குச் சேதி வரவில்லை. கணவருக்கு ஒரே ஒருமுறை போன் செய்தேன். பிறகு செல்வி அக்காவுக்கு.