அட்டையின் வாய்

கடலட்டைக்கு எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் குதம் என்று தெரியாமலே உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் நான். டொக்டராகப் போகிறவன் என்று வீட்டில் எனக்குத் தனி மேசையும் கதிரையும் தந்திருந்தார்கள். மேசையில் புத்தகமும் இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டிருக்கவில்லை.

பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு கடலட்டை வேண்டியிருந்தது. எங்கள் கடற்கரைக் கிராமமான தாழ்வுபாட்டில் அது பெரிய காரியமில்லை. அப்பா கடலில் மூழ்கி அட்டைக்குச் சுழியோடுபவர். அம்மா கரையில் உள்ள வாடிக் கொட்டிலில் அட்டைகளின் குடலெடுத்து அவிப்பவர். அட்டையைப் போத்தலில் இறக்கி, வெளியே வாய், குதம் என்று பெயர்த்துண்டுகளை ஒட்டும்போது அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மாறி ஒட்டுறாய். தண்ணி பீச்சிறது பின்பக்கமல்லோ."

"அம்மா, இது படிச்ச ஆக்களின்ர விசயம். நீங்கள் பேசாமல் இருங்கோ."

சரியென்று அம்மா வாடிக்குக் கிளம்பினார்.

கண்காட்சியன்று பூசைக்கு உடுக்கும் சேலையில் வந்து என் போத்தலுக்குப் பக்கத்திலேயே நின்றார். பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும் பிராணி இது என்று நான் வருவோர் போவோருக்கெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தேன். கல்விக் கந்தோர் அதிகாரி ஒருவர் குனிந்து துண்டுகளைப் படித்தார்.

"இந்த அட்டை எதாலை தம்பி சாப்பிடுறது?"

வகுப்புப் பெட்டைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அம்மாதான் சேர் ஒட்டினவ" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "ஓம் சேர். எனக்கு வாசிக்கத் தெரியாது. மாறி ஒட்டிப்போட்டன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசையில் வேதாகமத்திலிருந்து முதலாம் வாசகம் வாசிப்பவர் அம்மா. அதைக் கேட்டு வளர்ந்த பெட்டைகள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அதிகாரியோ இரக்கப்பட்டு, எழுத்தறிவின் பயனை அம்மாவுக்கு நின்று விளக்கினார். அம்மா தலையாட்டிக் கேட்டார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்றிரவு சாப்பாட்டு நேரம் அப்பா கண்காட்சியைப் பற்றி விசாரித்தார். "நான்தான் அவசரத்தில துண்டை மாறி ஒட்டிப்போட்டன்" என்றார் அம்மா. அதிகாரி இல்லாத இடத்திலும் ஏன் அந்தப் பொய் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. நல்லகாலம், அப்பாவும் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி என்னை ஒருதரம் பார்த்தார்.

"அட்டைகூடப் பயந்தால் தன்ர குடலைத்தான்ரா வெளியில தள்ளும்" என்றார்.