சிதம்பரத்தில் கிடைத்த நாயனம்

ஏழாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் கடலூரில் சொந்தக் காசில் மிடி ஸ்டூடியோ போட்டேன். கீபோர்டு, ரிதம் பெட்டி, கம்ப்யூட்டர் மூணையும் வயரில் கோத்து ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற அந்த மிடி வேலையில் என்னை மிஞ்ச அப்போ இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

கீபோர்டு வாசிச்சது மச்சான், என் தங்கச்சி வீட்டுக்காரர். அவரோட நாயன சவுண்டுக்காகவே கல்யாணக்காரர்கள் எங்களைத் தேடி வருவார்கள். கீபோர்டுப் பெட்டியோடவே வந்த சவுண்டைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருத்தி, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி அதிர்கிற கரகரப்பு வரைக்கும் கொண்டுவந்திருந்தார். பிறகு அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டது. இருக்கிற சவுண்டை வாசிப்பார். அதே மாதிரி இன்னொண்ணு செய்ய அவரால் ஆகாது.

சுனாமிக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு ஆயுத பூஜை. பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் சாமான்களை அடுக்கிப் பொட்டு வைத்தோம். சவுண்டு சேமிச்சிருந்த பிளாப்பிகளையும் மச்சான் அங்கேயே வைத்தார். "இதுவும் ஆயுதந்தானே மச்சான்?" படைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே, அப்படியே கிடந்தது.

காலையில் கீபோர்டைப் போட்டால் அவர் செய்த சவுண்டு ஒண்ணுகூட இல்லை. உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சேமிச்சதைக் காப்பாத்துறது அதுதான். அது செத்துப்போச்சு. புது பேட்டரி போட்டேன். பிளாப்பியைச் சொருகினால் படிக்கவே மாட்டேங்குது. ஸ்பீக்கர் காந்தம் அழித்திருந்தது. மச்சான் வேட்டி நுனியால் பிளாப்பியின் சந்தனத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"விடு மச்சான், நான் இனிமே வாசிக்கல" என்றார்.

எனக்குச் சட்டென்று சிதம்பரம் ஞாபகம் வந்தது. அங்கே இதே மாடல் கீபோர்டு வைத்து எங்களுக்குப் போட்டியா கச்சேரி பண்ணுகிறவனுக்கு மச்சான் ஒருதரம் தன் சவுண்டு பூராவும் கொடுத்திருந்தார். நம்ம சோத்தை எதிர்க்கடைக்குக் குடுக்கிறியேன்னு நான் கத்தின கத்து தெருவுக்கே கேட்டது.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

சிதம்பரத்துக்காரன் வாசலிலேயே ஆரம்பித்தான். "என்ன மாமா, கடலூர் சிங்கம் வழி தெரியாம வந்துடுச்சா?" விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தன் கீபோர்டைப் பார்த்தான். "ஒங்க காலிப் பெட்டி என் பெட்டியையும் காலி பண்ணிடுமே மாமா."

பயம் நியாயம்தான். சேமிச்சதை மொத்தமா அனுப்பினால் வாங்குகிற பெட்டியில் இருக்கிறது அழியும். தப்பான பெட்டியில் அனுப்புற பட்டனை அமுக்கினால் ரெண்டும் போச்சு. நான் ஒரே ஒரு வயர் எடுத்து, அவன் பெட்டியின் 'அவுட்' ஓட்டையிலிருந்து எங்கள் பெட்டியின் 'இன்' ஓட்டையில் சொருகினேன். "இது ஒருவழிப் பாதை. எங்க பெட்டி தலைகீழா நின்னாலும் ஒனக்கு ஒண்ணும் வராது." புதுசா எதையும் ஏத்த விடாத மெமரிப் பூட்டை எங்கள் பெட்டியில் எடுத்துவிட்டு, "அமுக்கு" என்றேன்.

அமுக்கினான். மச்சான் இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு கட்டையைத் தொட்டார். நாயனம் வந்தது. அவர் முகம் மட்டும் சுருங்கியது.

"இதுல கை வச்சிருக்க."

"காரம் ஜாஸ்தியா இருந்துச்சு மாமா. கொஞ்சமாத்தான் கொறைச்சேன்."

மச்சான் எங்கள் பெட்டியில் ரெண்டு இடம் திருத்தி மறுபடி வாசித்தார். பழைய கரகரப்பு அப்படியே எழுந்தது. சேமித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. செய்ய முடியாது என்றிருந்த மனுஷன் செய்துவிட்டார்.

சிதம்பரத்துக்காரன் தலையைச் சொறிந்தான். "அதையும் அனுப்பிட்டுப் போங்க மாமா."

"பெட்டி காலியாயிடும்னு பயந்தியேடா?" என்றேன்.

"இப்போ அது காலிப் பெட்டியா மாமா?"

நானே எழுந்து வயரைத் திருப்பிச் சொருகினேன்.