பச்சையும் ஊதாவும்

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "யார் ஜாடை?" பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நெற்றி அப்பா, மூக்கு அத்தை, விரல் தாத்தா என்று கூறுபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்கும் யாராவது அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "அவ ஜாடைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் பிறந்தது செங்கல்பட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சின்ன நர்சிங் ஹோமில். எனக்கு ஆபரேஷன். அதே காலையில் இன்னொருத்திக்கும் ஆபரேஷன். அவள் புதுப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவளுக்கும் பெண் குழந்தைதான். நாங்கள் இருவரும் கால் மரத்துப்போய், தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, காரியத்தை நடத்தி முடித்தவர்கள் என் மாமியாரும் அவளுடைய பெரியம்மாவும்.

காரியம் என்றால், சேனை வைப்பது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ முதலில் யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்டிப்பாகச் சொன்னால்தானே திருட்டுத்தனமாகச் செய்யத் தோன்றும். நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து இரண்டு பேரும் குழந்தைகள் இருந்த அறைக்குள் நுழைந்திருக்கிறார்கள். என் மாமியார் கையில் தேன். பெரியம்மா கையில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. வாழ்ந்து முடித்தவர்களின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். இரண்டு வீட்டிலும் அப்படித்தான் கொண்டுவந்திருந்தார்கள். பழைய வெள்ளை வேட்டிகளுக்குள் என்ன வித்தியாசம் இருக்கும்? அம்மாவின் பெயரை எழுதிய பிளாஸ்திரியைக் குழந்தையின் மேல் ஒட்டாமல் அந்தத் துணியின் மேல் ஒட்டியிருந்தார்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் பட்டதும் இரண்டு குழந்தைகளும் துணியை நனைத்தன. இரண்டு பேரும் பேசிக்கொண்டே, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, நனைந்த துணிகளை உருவி வாளியில் போட்டுவிட்டு வேறு வேட்டித் துண்டு சுற்றினார்கள். திரும்பி வந்த நர்ஸ், பிளாஸ்திரி எங்கே என்று கேட்டாள். இரண்டும் வாளியில் கிடந்தன.

"எங்களது இதுதான்" என்றார் என் மாமியார்.

"எங்களுதும் இதான்" என்றார் பெரியம்மா.

இரண்டு பேரும் ஒரே குழந்தையைக் காட்டினார்கள். கொழுகொழுவென்று, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை. பக்கத்தில் சுருங்கிய முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்த இன்னொன்றை யாரும் காட்டவில்லை.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்த வகையும் ஒன்றாகவே இருந்து தொலைத்தது. வாசலில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். டாக்டரம்மா நேர்மையானவர், மூடி மறைக்காமல் தானே போலீசுக்குத் தகவல் சொன்னார். குழந்தைகள் நலக் குழுவிலிருந்து வந்தார்கள். எங்கள் ரத்தத்தையும் குழந்தைகளின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை இரண்டு குழந்தைகளையும் காப்பகத்தில் வைக்கலாம், இல்லையென்றால் இரண்டு தாய்களும் ஒரே வீட்டில் இருந்து இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். காப்பகம் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றோம். அதுதான் நாங்கள் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் எங்கள் மாடி வீடு என்று முடிவானது. கிளம்பும்முன் டாக்டரம்மா கொழுகொழுவின் காலில் பச்சை நூலும் மற்றதன் காலில் ஊதா நூலும் கட்டினார். யாருடையது என்று தெரியாத பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது? பச்சை, ஊதா என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

எங்கள் படுக்கையறையில் கட்டிலை நகர்த்திவிட்டு இரண்டு பாய் போட்டோம். என் கணவர் கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். அவள் என்னைவிடச் சின்னவள். வந்த அன்றே "அக்கா" என்று கூப்பிட்டு, என் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து தன் துணியை அடுக்கிக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போது எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடத்தான் சம்பளம். அந்தப் புத்தியோடு இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எது தன் குஞ்சு என்று தெரியாத காக்கை என்ன செய்யும்? கூட்டைச் சுற்றிச் சுற்றி வரும். நானும் வந்தேன். மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். பச்சையின் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. என் கணவருக்கும் அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து அழுதால் என் கை பச்சையிடம்தான் போகும்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னாக்கா, எப்ப பாத்தாலும் பச்சையவே தூக்குற?"

"கிட்ட இருந்தா, தூக்கினேன்."

"கிட்ட கீறது ஊதா." அவள் சிரிக்கவில்லை. "இப்படி வெச்சுக்கலாம். ஒரு வாட்டி நீ பச்சைக்குக் குடு, நான் ஊதாக்குக் குடுக்கறேன். அடுத்த வாட்டி மாத்திக்கலாம். நாளைக்கு எது யாருதுன்னு சொல்லுவாங்களோ தெரியாது. என் கொயந்த என் பாலையே பாக்காம வளந்து, இத்தினி நாளு இங்க பட்டினியா கெடந்துச்சின்னு பின்னாடி தெரிஞ்சா எனக்குத் தாங்காது. உனுக்கும்தான்."

அதில் ஓட்டை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. அன்றிலிருந்து முறைவைத்துக் கொடுத்தோம். மற்றவள் பிள்ளையாக இருக்கலாம் என்ற நினைப்போடு ஊதாவை முதல் தடவை மடியில் போட்டபோது எனக்கு உடம்பு கூசியது. அதற்கு அதெல்லாம் தெரியுமா? பிடித்த பிடியை விடாமல் குடித்தது. சுருங்கிய முகத்துக்காரிக்குத்தான் பசி அதிகம்.

அவள் புருஷன் இரண்டு நாளைக்கு ஒருமுறை திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் வருவார். வாசலோடு நின்று, இரண்டு குழந்தைகளையும் பொதுவாகப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மீன் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பையில் பெரும்பாலும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற பால் சுறா இருக்கும். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் மீன் சமைக்கிற வீடுதான் எங்களுடையது. ஆனால் சுறா ஏறியதில்லை. மாமியார் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு செய்தாள்.

"சட்டில இருந்தாதான் அகப்பைல வரும், சாப்புடுக்கா" என்று என் தட்டில் குவித்தாள். வந்தது. இரண்டு பிள்ளைகள் குடித்தும் மீதி இருந்தது. அடுத்த வாரம் என் மாமியாரே அவள் புருஷனிடம், "சுறா கிடைக்கலையா தம்பி?" என்று கேட்டார்.

நாங்கள் தோழிகளாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அவள் குறட்டை விடுவாள். நான் துணியை மடிக்கிற விதம் அவளுக்குப் பிடிக்காது. நான் மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். என் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால், "உன்ன வுட்டா அங்க ஆளே கெடியாதா?" என்பாள். ஆனால் ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் மடியில் இரண்டும் இருக்கும். ஜாடை பார்க்க வந்த சொந்தக்காரர்களை அவள்தான் விரட்டுவாள். "மூக்கு பாக்க வந்தீங்களா? பாத்தாச்சுல்ல, கெளம்புங்க." அந்த நேரங்களில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது.

டாக்டரம்மா கூப்பிட்ட அன்று எல்லோரும் சேர்ந்து போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஊதா என்னுடையவள், பச்சை அவளுடையவள் என்றார். அப்போது ஊதா அவள் மடியில் இருந்தாள். பச்சை என் மடியில். முறைப்படி அப்படி வந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். காது மடலின் மேல் கோபம். பிறகு ஊதாவைப் பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். இவள்தான் என் மகள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மடியில் பச்சை கனத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் துணிகளை எடுத்துவைத்தாள். நான் உதவப் போனேன். அலமாரியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீ பச்சைதான் உன்னுதுன்னு நெனச்சுகினு இருந்தல்ல?"

ஆமாம் என்றேன்.

"நான் ஊதான்னு நெனச்சேன். அழுவற சத்தம் எங்க அம்மா மாதிரியே கீதுன்னு." ஒரு பாவாடையை மடித்துவைத்தாள். அவள் தாய் இறந்து வருஷமாகிறது என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் அவ்வளவு பேர் ஒரே குழந்தைக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் இருவருக்குள் சண்டையே இருந்திருக்கவில்லை. எந்தச் சோதனையும் இல்லாமல் எங்களிடம் விட்டிருந்தால், நான் பச்சையையும் அவள் ஊதாவையும் எடுத்துக்கொண்டு மனநிறைவோடு போயிருப்போம். இரண்டும் தப்பாக.

"மாத்திக்கலாமான்னு நான் கேக்கமாட்டேங்கா" என்றாள். "கேட்டா நீ சரின்னுடுவ."

நான் அடுத்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அவள் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று இன்றுவரை பயப்படுகிறேன்.

டாக்டரம்மா கொடுத்தனுப்பிய கத்தரிக்கோலால் நூல்களை வெட்டினோம். அவள் ஊதாவின் உள்ளங்காலை முகர்ந்துவிட்டு என் கையில் கொடுத்தாள். நான் பச்சையை அவளிடம் கொடுத்தேன். மாமியார் அவளுக்குக் குங்குமம் வைத்து, புடவை கொடுத்து, பிரசவம் பார்த்து அனுப்புகிற மகளுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தார். செய்து முடித்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்டோ கீழே வந்து நின்றது. அவள் பச்சையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஊதாவை மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். வயிறு நிறைந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். கீழே பச்சை அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. முறைப்படி அது என் முறை.

உடம்புக்கு மரபணு தெரியாது. எனக்குப் பால் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, மடியில் தூங்குகிறவளின் நெற்றியில் சொட்டியது. எழுந்து ஓடிப்போய் மாடிப்படியில் நின்று கூப்பிடலாமா என்று நினைத்தேன். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அழுகை தெருமுனை வரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

பால் மட்டும் நிற்கவில்லை. தூங்குகிறவளின் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே வாயை வைத்தாள். இன்னொருத்திக்காகச் சுரந்த பாலை, பசியே இல்லாமல், என் மகள் குடித்தாள்.