வெளிக்குசினியில் ஒட்டிய இறக்கை

மெல்பர்னில் கிளேட்டனுக்குத் திரும்பும் பேருந்து, ஒரு சின்ன விமானத் திடலின் கம்பிவேலி ஓரமாக நின்றுவிட்டது. முன்னால் ஏதோ விபத்தாம். கண்ணாடி திறக்காது, ஏசி வேலை செய்யாது, ஓட்டுநர் கதவையும் திறக்கமாட்டார். வேர்த்து வழிய வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் இறங்கி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார், வயது அறுபது இருக்கும். விமானத்தின் வாலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை இழுப்பதுபோலக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. சற்று முன்புவரை ஆகாயத்தில் இருந்த ஒன்றை ஒருத்தர் ஒரு கையால் இழுத்துப் போகிறார். நாங்கள் இத்தனை பேர் ஒரு பேருந்துக்குள் அடைந்து கிடக்கிறோம். இவ்வளவு எடை குறைந்த பொருளை வீட்டிலேயே செய்யலாமே என்று அந்த நிமிடம் தோன்றியது. உடனே ஃபோனில் தேடினேன். செய்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்போது நான் மாட்டிக்கொண்டிருந்தது பேருந்தில் மட்டும் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதுகலை முடித்துவிட்டு, அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்து, பிரிட்ஜிங் விசாவில் இருந்தேன். நாட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், வெளியே போனால் திரும்பி வர முடியாது, அதுதான் அந்த விசா. வேலை நேர்காணல் நன்றாகவே போகும். என்ன விசா என்று கேட்கிற இடத்தில் எதிரே இருப்பவர் குரல் மாறும். சூப்பர்மார்க்கெட்டில் தயிர் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து அம்மா, "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டி" என்பார். "வரலாம்மா, போகத்தான் முடியாது" என்பேன்.

ஆகவே படித்தேன். மூங்கிலையும் பட்டுத்துணியையும் வைத்து விமானம் செய்த முதல் ஆட்களில் ஒருவர், தன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டாராம். பிறகு பத்திரிகைகள் தையல் பகுதி மாதிரி விமானத்தின் வரைபடங்களைத் தொடராகப் போட்டிருக்கின்றன. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் குமாஸ்தாக்களும் தச்சர்களும் வாத்தியார்களும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வாங்கி வைத்துக்கொண்டு, படுக்கையறையில் இறக்கை செய்தார்கள். செய்து முடித்த இறக்கை வாசல் வழியாக வராமல் ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. செய்தபிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். இந்த அவசரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு குட்டி விமானம் ஊர் ஊராகப் பைத்தியம் பிடிக்க வைத்தது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு இறக்கை, பெட்டி அடிக்கத் தெரிந்தவர்கூடச் செய்துவிடலாம். நேராகப் பறக்கும்போது நல்ல பிள்ளை. மூக்கு ஒரு அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால் மட்டும் கதை வேறு. எல்லா விமானிகளும் செய்வதுபோலக் கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுப்பார்கள். இழுக்க இழுக்க மூக்கு இன்னும் கீழே போகும். அது தெரிந்தவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை. முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்துக்குள் நிறுத்திப் பார்த்தபோதுதான், முன் இறக்கைக்கும் பின் இறக்கைக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளி செய்த வேலை அது என்று புரிந்தது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் தயிர் டப்பாக்களைத் தலைகீழாக அடுக்கினேன்.

நான் தேர்ந்தெடுத்தது வேறு விமானம். ஒற்றை இருக்கை, மர உடம்பு, வரைபடம் பழையது, பலர் செய்து பறந்தது. முதலில் இறக்கை. இறக்கைக்குள் முதலில் ஸ்பார். இறக்கையின் நீளத்துக்கு உள்ளே ஓடும் மர உத்தரம் அது. காற்று தூக்குகிற பாரம் முழுவதும் அதன் தலையில்தான். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மெல்லிய பைன் சட்டங்களை எப்பாக்சி பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்ய வேண்டும். ஒட்டு விட்டால் இறக்கை விடும்.

எங்கே செய்வது? நான் வாடகைக்கு இருந்தது ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில். அன்ரியும் அங்கிளும்தான். பிள்ளைகள் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தார்கள். அங்கிள் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் கராஜ் இருந்தது, ஆனால் கார் அதில் தூங்கியதே இல்லை. அது அன்ரியின் வெளிக்குசினி. மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் அங்கேதான். வீட்டுக்குள் பொரித்தால் கம்பளத்தில் வாடை ஏறும், புகை அலாரம் தெருவையே கூட்டும்.

"அன்ரி, கராஜ்ல பாதி எனக்குத் தர்றீங்களா? இறக்கை செய்யணும்."

"என்ன, கோழிக்கோ?"

"விமானத்துக்கு."

அன்ரி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் கதிரையை விட்டு எழும்பவில்லை. "குடுமப்பா. பறந்தால் பிள்ளை முதல்ல என்னை யாழ்ப்பாணத்தில இறக்கிவிடட்டும்."

"அங்கிள், ஒற்றை சீட்டுதான்."

"அப்ப அன்ரியை அனுப்பு. நான் இங்க நிம்மதியா இருப்பன்."

பாதி கராஜ் கிடைத்தது. வலது ஸ்பாரைக் குளிர்காலத்தில் செய்தேன். மெல்பர்ன் குளிரில் பசை இறுகாது. அதனால் ரோலர் கதவை இழுத்து மூடி, ஹீட்டரைப் போட்டு, சட்டங்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களுக்கு நடுவில் குனிந்துகொண்டே இருப்பேன். பின்னால் அன்ரி அடுப்பில் சூடை மீன் பொரிப்பார். கண் எரியும். ஜன்னல் இல்லாத அந்தப் பெட்டிக்குள் ஒரு பக்கம் எண்ணெய் கொதிக்க, ஒரு பக்கம் பசை இறுக, நடுவில் நான். "பிள்ளை, கதவைக் கொஞ்சம் திறக்கட்டே?" என்பார் அன்ரி. "வேணாம் அன்ரி, பசை கெட்டுப்போகும்" என்பேன் நான்.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு சிறு மரத்துண்டுகளை அதே பசையால் ஒட்டி, மறுநாள் உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்து நார் தெரிந்தால் ஒட்டு மரத்தைவிடப் பலம். வழவழப்பாகப் பசைக்கோட்டிலேயே பிரிந்தால் ஒட்டவே இல்லை. நான் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. எல்லாத் துண்டுகளும் நார் நாராகக் கிழிந்தன. அங்கிளிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். "சோக்கான ஒட்டு" என்பார்.

இடது ஸ்பாரை வசந்த காலத்தில் செய்தேன். கோடை வந்தது. விசா வரவில்லை. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான விலாக்களைப் பொருத்தலாம் என்று ஒரு காலை கராஜைச் சுத்தம் செய்தபோது, கிளாம்புக்கு அணைகொடுக்க நான் வைத்திருந்த மரக்கட்டை ஒன்று, வழிந்த பசையில் இன்னொரு கட்டையோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தது. சுத்தியல் எடுக்கப் போனேன். அதற்குள் கையிலேயே பிரிந்து வந்துவிட்டது. பிரிந்த முகத்தைத் தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு நார்கூட இல்லை.

இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். சோதனைத் துண்டுகளை நான் எங்கே ஒட்டினேன்? சின்னத் துண்டுதானே என்று என் அறையில், மேசைமேல், ஹீட்டர் பக்கத்தில். எண்ணெய் ஆவி எட்டாத அறையில். ஸ்பாரின் சட்டங்களையோ வார இறுதியில் இழைத்து வைத்துவிட்டு, வேலை நாட்களில் ஒட்டினேன். நடுவில் இருந்த நாட்களில் அவற்றின்மேல் என்னவெல்லாம் படிந்திருக்கும்? நேராகப் பறக்க வைத்தே சோதித்துவிட்டு, சாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்காத அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி மேதாவி மாதிரி வருத்தப்பட்டவள் நான்தான்.

இறுகிய எப்பாக்சியைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பார் அழகாக இருந்தது. உள்ளே எந்த ஒட்டு நிஜம், எந்த ஒட்டு பாவனை என்று சொல்லாது. அதை நம்பி ஏறவும் முடியாது, நம்பாமல் தூக்கிப் போடவும் மனசு வராது. சில நாட்கள் கராஜுக்குப் போய் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். தபாலைப் பார்ப்பேன், மின்னஞ்சலைப் பார்ப்பேன், மறுபடி ஸ்பாரைப் பார்ப்பேன். மூன்றும் வாய் திறக்கவில்லை.

அன்ரிக்கு என் முகம் பிடிபட்டுவிட்டது. சொன்னேன். அவர் பொரித்ததால் என்று வராமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். அன்ரிக்குச் சுற்றல் தேவைப்படவில்லை.

"என்ர மீனாலயோ?"

"இல்ல அன்ரி, கதவை மூடச் சொன்னது நான்தானே."

அன்ரி விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "இடப்பக்கத்தை நீ எப்ப ஒட்டினனி? கந்தசட்டிக்கெல்லோ?"

ஆமாம். ஐப்பசி விரதம். அந்த வாரம் எனக்கு லீவு கிடைத்திருந்தது. மரத்தை அந்த வாரமே இழைத்து, அந்த வாரமே ஒட்டினேன்.

"அந்த ஆறு நாளும் நான் வெளிக்குசினி அடுப்பை மூட்டவே இல்லை. மீனுமில்லை, பொரியலுமில்லை. வீட்டில ஒருத்தருக்கும் மச்சம் மாமிசம் இல்லை. இடப்பக்கம் சுத்தம் பிள்ளை. முருகன் பாத்திருக்கிறார்."

எனக்கு மூச்சு வந்தது. ஒன்றாவது தப்பியது. வலதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். அன்றைக்குச் சோறு இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அன்ரி கோயிலுக்குப் போயிருந்தார். அங்கிள் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு கராஜ் வாசலில் வந்து நின்றார். நான் வலது ஸ்பாரை அறுக்க அளவு குறித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம். அன்ரிக்குச் சொல்லிப்போடாதை."

"சொல்லுங்க."

"அந்த விரதத்துக்க... ராவில நீங்கள் எல்லாரும் படுத்தாப்பிறகு நான் இங்க வந்து ரோல்ஸ் பொரிச்சனான்."

"என்ன ரோல்ஸ்?"

"மீன் ரோல்ஸ். ஃபிரீசருக்க கிடந்தது." தரையைப் பார்த்தார். "வாசம் வீட்டுக்க போகாமல் கதவை வடிவா மூடிப்போட்டுத்தான் பொரிச்சனான்."

"எத்தனை நாள் அங்கிள்?"

"உன்ர இறக்கைக்குப் பக்கத்திலதான் நிண்டு சாப்பிட்டனான்" என்றார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல். "அன்ரி சுத்தம் எண்டு சொல்லேக்க நான் பேசாமல் இருந்திட்டன். ஆனா நீ அதில ஏறிப் போவாயெல்லோ. நித்திரை வரேல்லை."

கோபம் வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. ஸ்பாருக்கு முன்னால் நின்று, வாயில் ரோல்ஸோடு, வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்கிற அங்கிளை நினைத்தால் எப்படிக் கோபப்படுவது? சிரித்து முடித்த பிறகு கராஜ் முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. இப்போது இரண்டு ஸ்பாரும் சந்தேகம். அதோடு காப்பாற்ற ஒரு இரகசியமும்.

யோசித்துப் பார்த்தால் ஒரே வழிதான் இருந்தது. அந்தக் காலத்துக்காரர்கள் இறக்கையைத் தலைகீழாகப் போட்டு மணல்மூட்டை ஏற்றுவார்கள். காற்று மேலே தூக்குகிற பாரத்தை மூட்டை கீழே அமுக்கிக் காட்டும். நான் ஒன்றை உடையும்வரை ஏற்ற வேண்டும். உடைந்த இடம் உண்மையைச் சொல்லும். மற்றதைப் பற்றியும் பாதி சொல்லும். எதை உடைப்பது? மோசமானதை உடைத்து அது விட்டுப்போனால், "அது மோசமானதுதானே" என்று நல்லதைக் கட்டிக்கொண்டு அழுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே இடது.

அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "விசரே உனக்கு? அது சுத்தமானதெல்லோ. அதைப் போய் ஏன் உடைக்கிறாய்?"

அங்கிள் கூரையைப் பார்த்தார்.

"நல்லதே தாங்கலைன்னா மற்றதைப் பத்திப் பேச்சே வேணாம் அன்ரி. அதான்."

"முருகன் பாத்த சாமானை உடைக்கிறாள்" என்று அன்ரி அங்கிளிடம் முறையிட்டார். "நீங்களும் பேசாமல் நிக்கிறியள்."

"பிள்ளை படிச்சவள். அவள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் அங்கிள் அவசரமாக.

கொஞ்ச நேரம் கழித்து அன்ரியே வந்தார். "மணலுக்கு எங்க போவாய்? அரிசி மூட்டை கிடக்கு, எடு. கொட்டினால் நீதான் கூட்டோணும்."

சனிக்கிழமை காற்று இருக்காது என்கிறது வானிலை. காலையில் கராஜுக்கு வெளியே, கார் நிற்கிற சிமென்ட் தரையில் வைத்துச் செய்யப்போகிறோம். ஸ்பாரைத் தலைகீழாகப் போட்டு, விமான உடம்போடு சேரும் அதன் அடிப்பக்கத்தை இரண்டு தடித்த பலகைகளுக்கு நடுவில் பூட்டி, மேல்பலகையின்மேல் அங்கிள் தன் காரின் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்துவார். மிச்ச நீளம் சிமென்ட் விளிம்பைத் தாண்டி, தாழ்வான புல்தரைக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் மூட்டையை அடிப்பக்கத்தில் வைத்து, நுனியை நோக்கிப் போவேன். வரைபடம் சொல்கிற பாரம் வந்தபிறகும் நிறுத்தமாட்டேன். அரிசி தீர்ந்தால் தண்ணீர்க் கேன். வழவழப்பாகப் பிரிந்தால் இரண்டையும் அறுத்துப் போட்டுவிட்டு, கராஜ் கதவைத் திறந்து வைத்து முதலிலிருந்து. நார் கிழிந்தால், வரைபடம் சொல்கிற பாரம்வரை மட்டும் வலதுக்கும் ஏற்றிப் பார்ப்பேன்; தாங்கினால் வலது தப்பும், இடதை மட்டும் மறுபடி ஒட்ட வேண்டும். எப்படியும் சனிக்கிழமை மாலைக்குள் என்னிடம் ஒரு ஸ்பார் குறைவாக இருக்கும், ஒரு பதில் கூடுதலாக இருக்கும். விசா அலுவலகத்திடமிருந்து இதுவரை அதுகூட வரவில்லை.

உடைந்த முகத்தை நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கிள் தலையாட்டினார். எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிடுவார் என்று நினைக்கிறேன்.