நல்லெண்ணெய் மணக்கும் துவக்கு

கோபம் வந்தால் நான் மரம் இழைப்பேன். சுவிஸில், லாங்கன்தால் ஊரில், தச்சுப் பட்டறையொன்றில் வேலை செய்கிறவளுக்கு அது வசதியான குணம். எங்கள் குசினி அலுமாரி முழுவதும் கலியாணமான முதல் வருடத்துச் சண்டைகளில் செய்தது. உறுதியான அலுமாரி.

நான் இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஊர்ச் சுடும் சங்கத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இலக்கைச் சுட்டுவிட்டு, கோப்பியோடு உட்கார்ந்து ஊர்க்கதை கதைப்பது எனக்கு ஒரு விளையாட்டு. என் கணவர் யுத்தம் முடிந்த மறுவருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. சங்கத்துப் பக்கம் அவர் எட்டியும் பார்த்ததில்லை.

பழங்காலத் துவக்குகளுக்கென்று சங்கம் ஒரு போட்டி வைத்தது. ராணுவம் கழித்துவிட்ட நீளத் துவக்கு ஒன்றை அனுமதி எடுத்து வாங்கினேன். யாரோ வேட்டைக்காரன் அதன் முன்பக்க மரத்தைப் பாதியில் வெட்டியிருந்தான். போட்டிக்கு அது அந்தக் காலத்துப் படைவீரன் கையில் இருந்த மாதிரியே தெரியவேண்டும். எனக்குக் கை துருதுருத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கணவர் கதவடியில் நின்றார்.

"நாங்கள் இதுக்குத் தப்பியெல்லோ வந்தனாங்கள். நீர் தேடிப்போய் வாங்கிக்கொண்டு வாறீர்."

"மரவேலை செய்யத்தான். பிறகு போட்டிக்கு நீங்களும் வாங்கோ."

"கெல்லரில வையும். அந்த இடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதேயும்."

சுடுவதற்கு வேண்டிய இரும்புப் பாகத்தைக் கழற்றி வேறாகப் பூட்டிவிட்டு, குளிர்காலம் முழுவதும் கெல்லர் என்கிற எங்கள் நிலவறையில் வேலை செய்தேன். பழைய வால்நட் மரத்தில் முன்பக்கத்தைச் செதுக்கி, ஒட்டு இரும்புப் பட்டைக்குள் மறையும்படி பொருத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. ஆனால் காட்டுவதற்கு ஆள் இல்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அங்கேதான்; அதற்கு வரும்போதுகூட அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். போட்டியில் வெல்வதைவிட, அவர் ஒருமுறை வந்து நின்று பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடைசியில் எண்ணெய் பூசுவது மட்டும் மிச்சம். ஆளிவிதை எண்ணெய்த் தகரத்தைப் பட்டறையில் மறந்துவிட்டேன் என்று சனிக்கிழமை காலை புலம்பிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் நிலவறைப் படியிலேயே வாசம் தூக்கியது. துவக்கு பளபளத்தது. பக்கத்தில் எங்கள் குசினி நல்லெண்ணெய்ப் போத்தல்.

"சனிக்கிழமைதானே, முழுக்காட்டினனான்" என்றார் கணவர். "எங்கட எண்ணெய் இருக்கேக்க அந்தத் தகரம் என்னத்துக்கு?"

ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். நல்லெண்ணெய் காயவே காயாது. என் குளிர்காலம் முழுவதும் தோசைக்கல் மாதிரிப் பிசுபிசுத்தது. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவர் அதைத் தொட்டிருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வயிறு நோகச் சிரித்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப போட்டியில சேர்க்கமாட்டாங்களோ? நான் வாறன். வந்து என்ர பிழை எண்டு சொல்லுறன்."

மரத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தும் வாசம் போகவில்லை. போட்டியன்று துவக்குகளைச் சோதிக்கும் பெரியவர் அதைத் தூக்கி மோந்து பார்த்தார். இதில் யாராவது சமைத்தீர்களா என்று கேட்டார். கணவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போய், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், பூசியது தான்தான், இவளில் பிழையில்லை என்றார். பெரியவர் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு எங்கே என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மணத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

என் முறை வந்தது. கணவர் காதுமூடியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். முதல் வெடிக்கு அவர் போய்விடுவார் என்றே நினைத்தேன். சுடச்சுடக் குழாய் சூடேறி, மரத்திலிருந்து வாசம் எழும்பியது. சுட்டு முடித்துத் திரும்பினேன். அங்கேயே நின்றார்.

கை வழுக்கியதில் கடைசி ஆளுக்கு ஒரு இடம் முன்னால் வந்தேன். சங்கமே கேலி செய்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

கார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது உறையோடு துவக்கை அவரே தோளில் போட்டுக்கொண்டார்.

"துவக்கெண்டா எனக்கு ஒரு மணம்தான் தெரியும்" என்றார். "இண்டைக்கு முழுக்கத் தோசைதான் ஞாபகம் வந்தது."

துவக்கைக் காரில் பதமாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வாற சனிக்கும் எண்ணெய் வைக்கட்டோ?"

நான் தொழில் படித்த தச்சுக்காரி; அந்த எண்ணெய் மரத்துக்கு ஆகாதென்று தெரிந்தவள்.

"ஓம், வையுங்கோ" என்றேன்.