பச்சை வல்லம்

பார்சல் வந்திருக்கிறது என்று போன் வந்தால் புதுக்கோட்டை கூரியர் ஆபீசுக்கு நானே போய் வாங்கிக்கொள்வேன். முதல் தடவை போனபோது, பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் பிள்ளைக்கா சார் என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அடுத்த தடவை, பிள்ளை என்ன படிக்கிறான் என்றார். வாய்க்கு வந்தபடி ஒண்ணாவது என்றேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கூரியர் ஆபீசில் வருஷத்துக்கு ஒரு வகுப்பு ஏறிக்கொண்டே போகிறான். இப்போது ஏழாவது படிக்கிறான். கணக்கில் கொஞ்சம் மந்தம் என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. வயது நாற்பத்து நாலு. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். திருவரங்குளத்தில் சொந்த வீடு, அதில் ஒரு மாடி அறை, அந்த அறை முழுக்கப் பொம்மைக் கட்டைகள். ஒன்றின் தலையில் குமிழ் இருக்கும், இன்னொன்றின் அடியில் பள்ளம் இருக்கும், வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். பிள்ளைகள் வீடு கட்டி, கார் கட்டி, பிரித்துப் போட்டு விளையாடுவார்களே, அதேதான். பெட்டியில் நாலு வயதிலிருந்து என்று போட்டிருப்பார்கள். எத்தனை வயதோடு நிறுத்த வேண்டும் என்று எந்தப் பெட்டியிலும் போட்டதில்லை. இதை நான் யாரிடமும் வாதாடியதில்லை, வாதாடினால் இன்னும் கேவலமாகிவிடும்.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் என்னைப் போன்ற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கட்டியதைப் படம் எடுத்துப் போடுவார்கள், பெரிய பெரிய அதிகாரிகள்கூட உண்டு. ஆனால் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். இங்கே ஒருவன் ஜல்லிக்கட்டு மாட்டுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டலாம், விடிய விடியச் சீட்டாடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் கட்டையை அடுக்குகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் என் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருக்காமல், பிள்ளை இல்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம் என்று பழமொழியை எடுத்து விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது.

இந்தப் பைத்தியம் பிடித்ததும் ஒரு பிள்ளையால்தான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, நானும் என் மனைவியும் திருச்சிக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்த காலம். யாருடைய பிள்ளைக்கோ பிறந்தநாள் என்று ஒரு பெட்டி வாங்கினேன். கிளம்புகிற நேரத்தில், அங்கே போனால் ஏதாவது விசேஷம் உண்டா என்று நாலு பேர் கேட்பார்கள், வேண்டாங்க என்றாள் அவள். போகவில்லை. பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு மழை நாளில் கரண்ட் போய், செய்ய ஒன்றுமில்லாமல் பிரித்தோம். ஒரு சின்னத் தீயணைப்பு வண்டி. இரண்டு பேரும் சேர்ந்து கட்டி முடித்தபோது, அவள் அதை மேசைமேல் தள்ளி ஓட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து அப்போது ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு எப்போதும் புதுப்பெட்டியாகவே வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வெளியூரில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் மூட்டையாக விற்பதை வாங்கினேன். அதில் பேன் சீப்பிலிருந்து பபிள்கம் வரை எல்லாம் கிடக்கும். அவள் அவற்றை அண்டாவில் கொட்டிச் சோப்புத்தூள் போட்டு அலசி, மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைப்பாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, இதென்ன புது மாதிரி வடகம் என்று கேட்டாராம். கலர் வத்தல், வெந்நீரில் நல்லா வேகணும் என்றாளாம் இவள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தக் கட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியையும் ஒருநாள் நிறுத்தினோம். திரும்பி வரும்போது பஸ்சில், இனிமேல் அலைய வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நான் சரி என்றேன். ஊருக்கு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப்பின் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. ஊரில் இருந்தது, உறவில் இருந்தது, எங்கள் இரண்டு பேருக்குள் இல்லை. நான் ஊரை எரிச்சலோடு சகித்துக்கொண்டதெல்லாம் இந்த ஒன்றை நம்பித்தான். அவளும் நானும் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம் என்று நினைத்திருந்தேன்.

வல்லம் அந்த நாட்களில் ஆரம்பித்தது. அவளுக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. நாங்களும் ஒரு காலத்தில் கடற்கரைப் பக்கம்தான், என் அப்பா உத்தியோகத்துக்காக உள்ளே வந்து தங்கிவிட்டவர். என் மாமனார் மீன்பிடிக்கச் சொந்தமாக ஒரு வல்லம், அதாவது நாட்டுப்படகு, வைத்திருந்தார். பச்சை நிறம், விளிம்பில் மஞ்சள் பட்டை. அவர் இறந்ததும் அதை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் வேறு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஒரு போட்டோகூட மிச்சமில்லை. அந்த வல்லத்தைக் கட்டிவிடலாம் என்றேன்.

சொன்னது சுலபம். இந்தக் கட்டைகள் எல்லாம் நேர்கோட்டுக்குப் பிறந்தவை. வீடு கட்டலாம், சுவர் கட்டலாம். படகின் வளைவு வராது. சரிந்த கட்டைகளைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் கோத்து, கலைத்து, மறுபடி கோத்து ஒரு வழியாக வயிற்றைக் கொண்டுவந்தேன். முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அது அவளுக்கு லேசில் திருப்தியாகவில்லை. இன்னும் தூக்கணும், அப்பா வல்லம் அலையைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கும் என்பாள். அவருடைய பச்சைக்குப் பக்கத்தில் வருகிற பச்சை இப்போது வருவதே இல்லை. பழைய மூட்டைகளில் ஒன்றும் இரண்டுமாகப் பொறுக்கினேன். குழுவில் ஒருவரிடம் கெஞ்சி, என்னிடம் இருந்த ஒரு நல்ல ரயில் என்ஜினைக் கொடுத்து, ஒரு கைப்பிடிப் பச்சை வாங்கினேன். நாலு வருஷம் ஆயிற்று. முடிந்த அன்று அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, கண்ணை அணியத்துக்கு நேராக வைத்து, ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பாதான் என்றாள். எனக்கு அது போதும்.

போன தை மாதம் அவளுடைய அண்ணன் மகளுக்கு எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் காதுகுத்து. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அங்கே நேர்ந்துகொண்டிருந்தார்களாம். கோயிலில் முடித்து, எங்கள் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. ஒரு வேன் நிறையச் சனம். காலையிலேயே நான் மாடி அறையைப் பூட்டிச் சாவியை ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் மாட்டினேன். அந்த இடம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். விருந்தாளி வந்தால் அப்படித்தான் செய்வோம். பூட்டுவதை அவளும் பார்த்தாள்.

பிள்ளைக்கு மூன்று வயது. காது குத்தியபோது கோயிலே இரண்டாகும்படி அழுதது. அத்தை என்ற முறையில் இவள் பாவாடை சட்டையும் கொலுசும் சீர் வைத்தாள். எல்லாம் முறையாக நடந்தது. என் மாமியார் மட்டும் இவளைத் தனியாக அடுப்பங்கரைக்கு அழைத்துப் போய் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனதும் பேச்சு நின்றது. வழக்கமான பேச்சாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் வயதானவர்கள் இரண்டு பேரை பஸ் ஏற்றிவிட வண்டியில் ஒவ்வொருவராகக் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையில் வேன் எதிரே வந்தது. ஜன்னல் ஓரம் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. காதில் சிவப்பு, கன்னத்தில் காய்ந்த கண்ணீர். மடியில் பச்சை வல்லம்.

மச்சான் கையாட்டினார். நானும் கையாட்டினேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. காது குத்திய பிள்ளையின் கையிலிருந்து ஒரு பொம்மையைப் பிடுங்குகிற நாற்பத்து நாலு வயது ஆம்பளையை யார் மன்னிப்பார்கள்? வேன் ஆலங்குடி ரோட்டில் திரும்புகிறவரை வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வல்லம் எங்கே என்று கேட்டேன். பிள்ளை அழுதது, கேட்டது, கொடுத்துவிட்டேன் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"பூட்டுன ரூமுக்குள்ள இருக்கறத பிள்ளை எப்படிப் பாத்துச்சு?"

இலையைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். எது வேணும்னு நாந்தான் கேட்டேன்."

அப்புறம் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் எதை ரொம்ப ஆசையாக வைத்திருக்கிறார்களோ அதை, காது குத்திய கையோடு ஒரு பெண்பிள்ளை கையில் மனசாரக் கொடுத்துவிட வேண்டும், அது போன வழியில் இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வரும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். யாரோ ஒருத்திக்கு அப்படி வந்ததாம். நகையைக் கொடுக்கலாமே என்று இவள் கேட்டாளாம். நகை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, உங்கள் வீட்டில் எது பெரிசு என்று உனக்குத் தெரியாதா என்றாராம் ஆத்தா.

எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. எம்.எஸ்சி., பி.எட். படித்தவள், பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிறவள். மாமியாரைத் திட்டினேன், மச்சானைத் திட்டினேன், இல்லாத சாமியை எல்லாம் இழுத்தேன். உங்கள் அப்பா வல்லம் என்றுகூடவா தோன்றவில்லை என்று கேட்டேன். அவருக்கும் பேத்திதானே அது என்றாள். அந்த அமைதிதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. அன்றைக்கு பஸ்சில் நீதானே சொன்னாய், எல்லாம் முடிந்தது என்று நீதானே சொன்னாய் என்றேன்.

"அலைய வேணாம்னுதாங்க சொன்னேன். வேணாம்னு சொல்லலியே." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு அந்தக் கட்டையே போதுமா இருந்துச்சு. நீங்க சந்தோசமா இருக்கீங்கன்னு நானும் கூட ஒக்காந்து அடுக்குனேன். எனக்குப் போதலைங்க."

இத்தனை வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நிறம் பிரித்தது எனக்காக. நான் அவளுக்காகக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மச்சான் போன் பண்ணினார். அறந்தாங்கி தாண்டுவதற்குள்ளேயே பிள்ளை பிரித்து மேய்ந்துவிட்டதாம், பாதி வேனுக்குள்ளே கிடந்ததாம், பொறுக்கி அனுப்பட்டுமா மாப்ளை என்றார். பக்கத்தில் அவள் நின்றாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் பலிக்காது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இருக்கட்டும், பிள்ளை விளையாடட்டும் என்றேன். மனசாரச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எனக்குக் காபி போடப் போனாள்.

அந்த மாதம் நாள் தள்ளிப்போயிற்று. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல் என்னைத் தூக்கச் சொன்னாள், பப்பாளியை வேண்டாம் என்று ஒதுக்கினாள். நாற்பதைத் தாண்டினால் இப்படித் தள்ளிப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை நான்தான் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். வேகத்தடை வந்தால் மாட்டுவண்டி மாதிரி மெதுவாக ஏற்றி இறக்கினேன். ரோடு மோசம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை நுனியில் முடிந்துகொண்டு வந்து பின்னால் ஏறினாள். நான் எதையும் கவனிக்கவில்லை. கோயிலைத் தாண்டி முதல் வேகத்தடையில் வழக்கம்போலக் காலை ஊன்றி மெதுவாக ஏற்றினேன். பின்னாலிருந்து அவள் என் தோளைத் தொட்டாள்.

"நீங்க எப்பவும் போலப் போங்க. ஒண்ணுமில்லை."

வல்லம் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அன்று ரோட்டில் வந்தது. ஹெல்மெட் இருந்ததால் எதிரே வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம்வரை என்னால் வண்டியின் வேகத்தைக் கூட்ட முடியவில்லை.