தோள் நோகாத வில்

மரியராஜின் வில்லை அவரைத் தவிர வேறு எவனாலும் இழுக்க முடியாது என்பது, சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் காவல் இருந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஒப்புக்கொள்ளாதவர்களையும் மரியராஜே ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார். தோட்டத்துக்கு யார் வந்தாலும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் வில்லைக் கையில் திணித்து, "எங்க, ஒரு இழு இழு, பாப்பம்" என்பார். வந்தவன் முகம் சிவந்து பாதியில் விட்டுவிட்டால் அவருக்கு அன்றைய சோறு செரித்த மாதிரி. அம்புக்குப் பதில் களிமண் உருண்டையை வைத்துக் கிளி விரட்டுகிற வில் அது. இரட்டை நாண், நடுவில் உருண்டை வைக்க ஒரு தோல் துண்டு. கல்லை வைத்தால் குலை சிதைந்துபோகும். காய்ந்த மண்ணுருண்டை என்றால் இலையில் பட்டதும் உடைந்துவிடும், கிளி மட்டும் பறக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர், எழுபத்தெட்டாம் வருடம் பன்னீர்த் திராட்சை கறுக்கத் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் பந்தலுக்கு அடியிலேயே விழுந்து செத்துப்போனார். கஞ்சி கொண்டுபோன அவர் மனைவி லூர்து மேரி, அசந்து தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தாள்.

அவள் அழவில்லை. ராயப்பன்பட்டிக் கோவிலில் பூசை வைத்து அடக்கம் பண்ணியபோதும் அழவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்த பெண்களுக்கு அவளே தண்ணீர் மோந்து கொடுத்தாள். "மனசா, மலைப்பாறையா?" என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதால் நடிப்பு என்னும், அழாவிட்டால் கல் என்னும். அழக்கூடாது என்று அவளுக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறவளைப் போல அவள் அந்த நாட்களைக் கடந்துகொண்டிருந்தாள்.

தோட்டத்துக்காரர் சங்கரலிங்கம் சின்னமனூரில் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். காவலை அவளே பார்த்துக்கொள்ளட்டும், தோட்டத்து ஓரத்தில் இருக்கிற ஒற்றை அறையிலேயே இருந்துகொள்ளட்டும் என்று விட்டார். லூர்து மேரி புருஷனின் வில்லை எடுத்துக்கொண்டு காவல் பரண் ஏறினாள். பாதி நாண்தான் வந்தது. உருண்டை பந்தலுக்கு நடுவிலேயே விழுந்தது. வாய்க்கால் ஓரத்து மூலையில் கிளிகள் பந்தி போட்டுச் சாப்பிட்டன. அவள் மறுபடி மறுபடி இழுத்தாள். வலது தோள் வீங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சிலுவை போடக் கை நெற்றிக்கு எழும்பாமல், நெஞ்சிலிருந்தே ஆரம்பித்தாள். அந்த வலியும் யாருக்கோ வலிப்பது போலத்தான் இருந்தது. வில் கடுமை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் நோஞ்சான் என்றுதான் தோன்றியது.

சங்கரலிங்கம் ஒரு நாள் மூலைப் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். கொத்திப்போட்ட குலை ஒன்று கையில் இருந்தது.

"மேரி, வாய்க்கா ஓரத்துல ஒரு கொலை உருப்படியா இல்லத்தா. கிளி தின்னது போக மைனா, மைனா தின்னது போக எனக்கா?"

"எட்ட மாட்டேங்குது மொதலாளி."

"வர்ற கொலை வெட்டுக்குள்ள அந்த மூலைக்கு ஒன் உருண்டை போயாகணும். இல்லையின்னா ஆம்பள ஆளாப் பாத்து வச்சுருவேன். தப்பா நெனைக்காத தாயி, கடன ஒடன வாங்கிப் போட்ட பந்தலு."

ஆம்பிளை ஆள் வந்தால் அறையும் அவனுக்குத்தான். பிறகு அவளுக்குப் பழனிசெட்டிபட்டியில் இருக்கிற அண்ணன் வீடுதான் கதி. "வந்துரு தங்கச்சி" என்று அண்ணன் சொல்லித்தான் இருந்தார். சொன்னபோது அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அந்த வீட்டில் ஒண்டிக்கிடப்பதை நினைத்தபோதுகூட அவளுக்குப் பயம் வரவில்லை. ஆனால் போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. வில்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சந்தையில் மூங்கில் கூடையும் வில்லும் விற்கிற சுருளியாண்டியிடம் போனாள்.

"வாங்க மதினி" என்று எழுந்தான் சுருளியாண்டி. ஒரு கூடையைக் கவிழ்த்து அவள் உட்காரப் போட்டான்.

"இதச் செதுக்கி எளைச்சுக் குடுக்க முடியுமா தம்பி? தோளு போயிருச்சு."

அவன் வில்லை வளைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இத எளைச்சா ஒடிஞ்சு போகும். வேற பாருங்க. ஆனா இழுக்கையில லேசா இருக்குன்னு ஏமாந்துறாதீக. முழுசா இழுத்துக் குறி பாத்து நிக்கோம்ல, அங்கனதான் தோளு சொல்லும்."

குட்டையான வில் ஒன்றைக் கொடுத்தான். தொடக்கத்தில் வெண்ணெய் போல வந்தது. கடைசிச் சாணில் முரண்டு பிடித்தது. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். இழுத்து நிறுத்தி, வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொன்னாள். பாதி மந்திரத்திலேயே கை நடுங்கியது. அடுத்தது கொஞ்சம் நீளம், ஆனால் முழுக்க ஒரே தடிமன். அதில் முக்கால் வாசி சொன்னாள். சுருளியாண்டி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தான். நல்ல நீளம், நுனி இரண்டும் மெலிசு. அது ஒரே சீராக வளைந்தது. ஆமென் சொல்லி முடித்த பிறகும் கை நின்றது.

"இதுதான் தம்பி. இத ஏன் ஒளிச்சு வச்சிருந்த?"

"ஒளிக்கல மதினி. இது... அண்ணே சொல்லிவச்ச வில்லு."

"எந்த அண்ணே?"

"மரியராசு அண்ணேதான். தோளு நோகாத மாதிரி ஒண்ணு செஞ்சு வையின்னாக. யார்ட்டயும் மூச்சு விடாத, மானம் போயிரும்னு சிரிச்சாக. செஞ்சு முடிக்கையில அவுகளே இல்ல. துட்டி வீட்டுக்கு வில்லத் தூக்கிட்டா வரமுடியும்?"

லூர்து மேரி வில்லை இறக்கிப் பிடித்தாள். "எந்தத் தோளு?"

"இடது தோளு. அப்பிடியே கை வழியா எறங்குதுன்னாக. இழுக்கிற கையி வலதாச்சே, இதுல என்ன நோவுன்னு கேட்டேன். வில்லத் தொடாத அன்னைக்கும் நோகத்தான் செய்யிதுன்னாக. எல்லாம் இந்தப் பாழாப்போன வில்லுனாலதான்னாக."

பிணத்தைப் பார்த்த டாக்டர் அவளிடம் ஒன்று கேட்டிருந்தார். நெஞ்சுவலியில் போயிருக்கிறார், முன்னாடியே இடது தோளிலோ கையிலோ வலி என்று சொல்லியிருப்பாரே? ஒருநாளும் சொன்னதில்லை என்று அவள் பதில் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். என் புருஷனுக்கா, தோள் வலியா?

நெஞ்சு நோவுக்கு மனிதர் வில் தேடியிருக்கிறார்.

அவள் சுருளியாண்டியிடம் அதைச் சொல்லவில்லை. பழைய வில்லை அவனிடமே விட்டுவிட்டு நீளமானதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். வழியிலும் ஒன்றும் தோன்றவில்லை. பரண் ஏறி, உருண்டை வைத்து, முழுசாக இழுத்து விட்டாள். பந்தல் முழுவதையும் தாண்டி வாய்க்கால் மூலையில் போய் விழுந்தது. அங்கிருந்த கிளிகளில் ஒன்றிரண்டு எழும்பி உட்கார்ந்தன. பழம் பிழைத்தது, அறையும் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது உருண்டையை வைத்து இழுத்தாள். குறி பார்த்து நின்றாள். தோள் நோகவில்லை. கொஞ்சம்கூட நோகவில்லை.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, கோபம் ஏறி வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் மேல் அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை. வில்லைக் கீழே போட்டாள்.

"கூடை விக்கிறவன்ட்டச் சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல! எங்கிட்டச் சொன்னா என்னய்யா? நோகுதுடீன்னு ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன்னயத் தூக்கிட்டு ஓடியிருப்பேனேய்யா ஆஸ்பத்திரிக்கு! பாவி மனுசா!"

மூலையில் இருந்த கிளிகள் மொத்தமும் பதறி எழுந்து வாய்க்காலைத் தாண்டிப் பறந்தன. அடுத்த தோட்டத்துக் காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பந்தலில் ஒரு பறவை மிச்சமில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.